மாணவர்களும் உலக மிஷனரிப் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி ஜெபக்குழு நடத்துகிறவர்கள், சபையில் வாலிபர் பொறுப்பில் இருப்பவர்கள், பெற்றோர், அப்புறம் மாணவர்களே கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமான பதில், சிலவற்றுக்கு இரண்டு வரிதான். என் சொந்த அபிப்பிராயமும் இடையிடையே வரும். அதை அபிப்பிராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படிக்கிற பிள்ளைகளிடம் இப்போதே எதற்கு இந்தப் பேச்சு? வேலையில் அமர்ந்த பிறகு பேசினால் போதாதா?

வேலை கிடைத்து, வீட்டுக்கடன் வாங்கி, வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு ஒருவர் தன் வாழ்க்கையைத் திருப்புவது எளிதல்ல. திருப்பியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. மிஷனரி வரலாற்றின் பெரிய திருப்பங்கள் பலவற்றைத் தொடங்கி வைத்தவர்கள் மாணவர்களே.

1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெட்டவெளியில் ஜெபிக்கக் கூடினார்கள். இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, பக்கத்தில் இருந்த வைக்கோல் போரின் ஓரம் ஒதுங்கினார்கள். சாமுவேல் மில்ஸ் என்ற மாணவர் ஆசியாவுக்கு நற்செய்தி கொண்டுபோவதைப் பற்றிப் பேச்செடுத்தார். அதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று ஐவரில் ஒருவர் மறுத்தும் பேசினார். ஆனாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடவில்லை. நான்கே ஆண்டில், 1810ல், அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சங்கம் உருவானது. 1812 பிப்ரவரியில் அதன் முதல் மிஷனரிகள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்த நாட்டிலிருந்து கடல் கடந்து மிஷனரிகளை அனுப்பிய முதல் பெரிய சங்கம் அதுதான்.

அடுத்தது 1886. அதே மாசசூசெட்ஸில் மவுண்ட் ஹெர்மன் என்ற இடத்தில் பிரபல நற்செய்தியாளர் டி. எல். மூடி நடத்திய கோடைக்கால வேத ஆராய்ச்சிக்கு 251 மாணவர்கள் வந்திருந்தார்கள். வந்தபோது மிஷனரியாகும் எண்ணம் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கலையும்போது 100 பேர். இதற்குப் பின்னால் இருந்தவர் ராபர்ட் வைல்டர். கோலாப்பூரில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து பிரின்ஸ்டனில் படித்தவர். அவரும் அவருடைய அக்கா கிரேஸும் இதற்காக வெகுநாள் ஜெபித்து வந்தார்கள். அடுத்த கல்வியாண்டில் வைல்டரும் நண்பர் ஜான் ஃபோர்மனும் 160க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் போனார்கள். 2,000க்கும் அதிகமானோர் முன்வந்தார்கள். 1888ல் இது மாணவர் தன்னார்வ இயக்கம் என்று அமைப்பானது. அதன் வழியாக சுமார் 20,000 பேர் உலகெங்கும் போனதாகக் கணக்கு.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது எண்ணிக்கையை அல்ல. மவுண்ட் ஹெர்மனில் மாணவர்களை அசைத்தது மேடைப் பிரசங்கம் மட்டும் இல்லை. ஒரு சாயங்காலம் பல நாட்டுப் பின்னணியுள்ள மாணவர்கள் எழுந்து, தங்கள் நாட்டின் தேவையை ஆளுக்குச் சில நிமிடம் பேசினார்கள். மாணவர்களை அசைத்தவர்கள் சக மாணவர்கள்.

மிஷனரி என்றால் வெள்ளைக்காரர்கள் இங்கே வந்ததுதானே? நமக்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் அந்த வைக்கோல் போரிலிருந்தே தொடங்குகிறது. ஒதுங்கி நின்ற ஐவரில் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் என்று ஒருவர். 1816ல் அமெரிக்கன் போர்டின் முதல் குழுவோடு இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணி செய்தார். உடம்புக்கு முடியாமல் 1822ல் அங்கேயே இறந்தும் போனார். அவருடைய தோழர்கள் 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பதிப்புலகில் பெரிய பெயரான சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம் அது.

ஏறக்குறைய எண்பது ஆண்டு கழித்து, அதே யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மிஷனரி சங்கம் வைத்துக்கொண்டு, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் தொண்டிக்கு ஆள் அனுப்பினார்கள். 1902ல் யாழ்ப்பாணத்துக்குப் போன ஒரு ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) செயலாளர் இதைப் பார்த்துத் திகைத்துப்போனார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளைக்காரர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், வயது 28. அவர்தான் வே. ச. அசரியா. இவ்வளவு பெரிய திருநெல்வேலித் திருச்சபை வெளியே ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1903 பிப்ரவரி 12 அன்று இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நிஜாம் சமஸ்தானத்தின் தோர்ணக்கல்லில் தெலுங்கு மக்களிடையே பணி தொடங்கியது. 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அசரியா அங்கே இருந்தார். பிறகு தானே தோர்ணக்கல்லுக்குக் குடிபோய், 1912ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இதோடு முடியவில்லை. 1965ல் இந்தியன் இவாஞ்சலிகல் மிஷன் தொடங்கியது. ஜெபக்குழுக்களாகக் கூடிக்கொண்டிருந்த தமிழ் வாலிபர்களின் ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட், 1967ல் தன் முதல் மிஷனரியைத் தருமபுரி மாவட்டத்துப் பெரியமலைக்கு அனுப்பியது. இன்று வட இந்தியாவில் எந்த மிஷன் பணித்தளத்துக்குப் போனாலும் ஒரு நாகர்கோவில்காரரோ தூத்துக்குடிக்காரரோ இருப்பார். ஆக, மிஷனரி என்றதும் வெள்ளைத் தொப்பி நினைவுக்கு வந்தால் குறை நாம் சொல்லிக்கொடுத்த விதத்தில்தான்.

எங்கள் கல்லூரி ஜெபக்குழுவில் ஆறு பேர்தான். எங்கே ஆரம்பிப்பது?

வைக்கோல் போரில் ஐந்து பேர். ஒருவர் கூடுதலாகவே இருக்கிறீர்கள்.

ஒரு மிஷனரி குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒன்று போதும், பத்து வேண்டாம். அவர்கள் அனுப்பும் ஜெபக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாமல் குழுவில் வாசியுங்கள். எந்த மாவட்டம், என்ன மொழி, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், மழைக்காலத்தில் பாதை எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரியாத "வட இந்தியாவுக்காக" ஜெபிக்கிற ஜெபம் மூன்று வாரத்தில் வற்றிவிடும். ஜார்க்கண்டில் மலேரியா வந்து படுத்திருக்கிற ஒருவருக்காக ஜெபிக்கிறவர் மறுவாரம் தானாகவே விசாரிப்பார்.

மாதம் ஒரு கூட்டத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு மாணவர் ஒரு நாட்டையோ ஒரு மக்கள் குழுவையோ படித்துவிட்டு வந்து பதினைந்து நிமிடம் பேசட்டும். வெளியிலிருந்து பேச்சாளரைக் கூப்பிடுவதைவிட இது பலன் தரும். படித்துவிட்டுப் பேசுகிற மாணவருக்குத்தான் முதலில் பாரம் பிடிக்கும். உலகில் சுமார் 7,000 மொழிகள் இருக்கும்போது முழு வேதாகமம் 700க்குச் சற்று அதிகமான மொழிகளில்தான் இருக்கிறது என்பதைத் தானே தேடிக் கண்டுபிடித்தவர் அதைச் சீக்கிரம் மறப்பதில்லை.

கூட்டத்தின் முடிவில் அர்ப்பணிப்புக்கு அழைப்பு கொடுத்து, கை உயர்த்தச் சொல்லலாமா?

கொடுக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். மூன்று நாள் முகாம், கடைசி இரவு, மெதுவான பாட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு அழைப்பு. இந்தச் சூழலில் பதினெட்டு வயதுப் பிள்ளை கை உயர்த்தாவிட்டால்தான் ஆச்சரியம். மறுநாள் பஸ் ஏறியதும் குற்றவுணர்வு ஆரம்பிக்கும். இரண்டு வருடம் கழித்து அதே பிள்ளை ஜெபக்குழுப் பக்கமே வராமல் இருப்பதற்கு அந்தக் கைதான் காரணமாக இருக்கும்.

மாணவர் தன்னார்வ இயக்கத்திலும் கையெழுத்து அட்டை இருந்தது. "தேவனுக்குச் சித்தமானால்" என்ற நிபந்தனையோடுதான் அதில் கையெழுத்திட்டார்கள். அப்படியும் கையெழுத்திட்டவர்களில் பெரும்பகுதியினர் கடல் கடந்து போகவில்லை. போகாதவர்கள் பலர் அனுப்புகிறவர்களாக நின்றதால்தான் போனவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

அழைப்பு கொடுத்தால், மறுநாள் முதல் யார் அவர்களோடு பேசுவார்கள் என்பதை முன்பே முடிவுசெய்துகொண்டு கொடுங்கள். ஆள் இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

அழைப்பு என்று சொல்கிறார்களே, எனக்கு அது இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்வோம். மூன்று தலைமுறை மிஷனரிக் குடும்பம். மிஷனரியாக மட்டும் ஆகமாட்டேன் என்று இருந்த பெண். அமெரிக்காவில் படிப்பு முடிந்து, உடல்நலமில்லாத அம்மாவைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவ வேதனையில் இருந்த மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அப்பாவை வீட்டுக்குள் விடச் சம்மதமில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் திரும்பிப் போய் மருத்துவம் படித்து, 1900ல் வேலூருக்கு வந்தார். சி.எம்.சி. என்கிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அப்படித்தான் உண்டானது.

வானத்திலிருந்து குரல் எதுவும் கேட்கவில்லை. ஒரு தேவை கண்முன் நின்றது, தன் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது, கையில் ஒன்று வேண்டுமென்று படிக்கப் போனார். அதோடு, அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் பர்னபாவையும் சவுலையும் பிரித்து அனுப்புவது அந்தியோகியா சபை. உங்களை நன்றாகத் தெரிந்த சபையாரும் நண்பர்களும் "ஆமாம், இவர் போகலாம்" என்று சொல்லாத அழைப்பைச் சற்று நிறுத்தி வைத்துச் சோதிப்பது நல்லது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா?

வேண்டாம். டிகிரியை முடியுங்கள். அரியர் இருந்தால் அதையும் எழுதி முடியுங்கள். தேர்வுக்குப் படிக்கப் பிடிக்காமல் வருகிற அழைப்பும் உண்டு, அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

என் படிப்புக்கு மிஷன் பணியில் என்ன வேலை இருக்கும்?

பிரசங்கம் மட்டுமே மிஷன் பணி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மருத்துவமும் நர்சிங்கும் படிப்பவர்களுக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. இம்மானுவேல் மருத்துவமனைக் கூட்டமைப்பு போன்றவை வட இந்தியாவின் உள்ளூர்களில் மிஷன் ஆஸ்பத்திரிகளை நடத்துகின்றன. நேபாள எல்லையில் ரக்சவுலில் இருக்கும் டங்கன் ஆஸ்பத்திரி அதில் ஒன்று. வேலூரில் சபையின் சிபாரிசோடு படிப்பவர்கள் முடித்ததும் இரண்டு ஆண்டு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அந்த இரண்டு ஆண்டைக் கடனாக நினைத்துத் தள்ளாமல், நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் வாழ்க்கையே மாறும்.

பி.எட். முடித்தவர்கள் தேவை. மிஷனரிகளின் பிள்ளைகள் படிக்கும் டோனாவூர் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் எப்போதும் வேண்டும். அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படித்தால்தான் அப்பா அம்மா பணித்தளத்தில் நிம்மதியாக இருப்பார்கள். மொழியியல் படித்தவர்கள் வேதாகம மொழிபெயர்ப்புக்கு வரலாம். விவசாயம், கணக்கு, கணினி, தண்ணீர் என்று பட்டியல் நீளும். மாணவர்கள் கேள்விப்படாத ஒன்று மட்டும் சொல்கிறேன்: பல மிஷன் அலுவலகங்களில் கணக்கைச் சரியாக எழுதி, தணிக்கைக்குத் தயார் செய்யத் தெரிந்த ஒரு பி.காம். பட்டதாரி கிடைப்பதே அரிது.

வேலை பார்த்துக்கொண்டே சாட்சியாக இருப்பதும் உண்டு. பவுல் கூடாரம் செய்து பிழைத்தார் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. வளைகுடாவுக்கோ மத்திய ஆசியாவுக்கோ வேலைக்குப் போகிறவர் அந்த வேலையை உண்மையாகச் செய்ய வேண்டும். வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு போகிறவருக்கு அங்கே மரியாதை இருக்காது.

வீட்டில் சம்மதிக்கவில்லை. மீறிப் போகலாமா?

முதலில் அவர்கள் பயத்தைக் கேளுங்கள். அப்பா கூலி வேலை செய்து படிக்க வைத்திருப்பார், கல்விக்கடன் நிற்கும், தங்கைக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. இந்தக் கணக்கை "விசுவாசக் குறைவு" என்று சொல்கிற ஊழியக்காரரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடனை அடைத்துவிட்டு மூன்று வருடம் கழித்துப் போகிறேன் என்பது கீழ்ப்படியாமை ஆகாது. அந்த மூன்று வருடமும் ஜெபக்குழுவோடு இருங்கள், ஹிந்தி கற்றுக்கொள்ளுங்கள், பணித்தளத்துக்கு ஒருமுறை அப்பாவையும் அழைத்துப் போங்கள். மிஷனரி வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு வந்த தகப்பனார் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாதவர்களும் உண்டு.

பணத்துக்கு என்ன வழி? மாணவர்களிடம் காணிக்கை கேட்பது சரியா?

கேட்கலாம். சிறியதாக, தவறாமல் கொடுப்பது முக்கியம். மிசோரம் திருச்சபையில் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கும் பழக்கம் 1910 வாக்கில் தொடங்கியது. ஏழை வீட்டுப் பெண்களின் அந்த அரிசி இன்றைக்கும் அவர்களுடைய மிஷன் பணியைத் தாங்குகிறது. விடுதி மாணவர் வாரம் ஒரு டீயும் பஜ்ஜியும் குறைத்தால் வருகிற தொகையை ஆறு பேர் சேர்த்தால், மிஷனரி வீட்டு கேஸ் சிலிண்டருக்காவது ஆகும். வரவையும் அனுப்பியதையும் ஒரு நோட்டில் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். பெரிய தொகைக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லி மாணவரை நெருக்கவே கூடாது.

கோடை விடுமுறையில் பணித்தளப் பயணம் கூட்டிப்போகலாமா?

கூட்டிப்போங்கள், ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். நாற்பது பேர் போய் இறங்கினால் அந்த மிஷனரி குடும்பம் ஒரு வாரம் சமையலறையிலேயே கிடக்கும். எட்டு பேர் தாராளம். சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது வேண்டாம். உங்களுக்கு அது ஒரு நினைவு, அவர்களுக்கு அது அடுத்த மாதம் வரும் தொல்லை.

போகும் மனப்பான்மைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனரிகளிடம் அசரியா கேட்டது ஒன்றே ஒன்று: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். கொடுத்தீர்கள், தியாகம் செய்தீர்கள், ஆனால் சமமாக உட்காரவில்லை என்பதுதான் அவர் ஆதங்கம். பழங்குடிக் கிராமத்துக்குப் போகிற சென்னை வாலிபருக்கும் அது பொருந்தும்.

சட்டப்படி சிக்கல் வராதா?

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு, மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒடிசாவில் 1967 முதலே இதற்கான தனிச் சட்டம் உண்டு. மத்தியப் பிரதேசம், குஜராத், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களிலும் இருக்கிறது. கட்டாயம், ஆசைகாட்டுதல், மோசடி மூன்றும் குற்றம். பண உதவியோ சிகிச்சையோகூட ஆசைகாட்டுதலாகப் பார்க்கப்படலாம். நேபாளத்தில் 2015ஆம் ஆண்டு அரசியல் சாசனமே இன்னொருவரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. எங்கே போனாலும் அந்த இடத்துச் சட்டத்தை அங்குள்ள உள்ளூர் சபையிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சட்டம் இல்லாத ஊரிலும் ஆசைகாட்டி யாரையும் சீஷராக்க முடியாது என்பது வேறு விஷயம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து இருக்கிற இடங்களுக்கு மாணவர்களைத் தூண்டிவிடுவது நியாயமா?

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளிடையே பல ஆண்டு பணி செய்த கிரகாம் ஸ்டெயின்ஸ் தன் இரண்டு மகன்களோடு ஜீப்பில் எரித்துக் கொல்லப்பட்டார். ஆபத்து இல்லை என்று மாணவர்களிடம் பொய் சொல்லக் கூடாது.

ஆனால் எல்லா மரணத்தையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர், யாரும் போகக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்கும் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்கு மீனவர்களின் படகில் போய் உயிரை இழந்தார். அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் வெளி நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சிறு பழங்குடிக் கூட்டத்தை அது ஆபத்தில் நிறுத்தியது, கூட்டிப்போன மீனவர்கள் கைதானார்கள். இதை முன்மாதிரியாக மாணவர்களிடம் சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஸ்டெயின்ஸ் தான் பணி செய்த மக்களோடு முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

எனக்குப் போக முடியாது. அப்படியானால் இதில் எனக்கு இடம் இல்லையா?

உங்கள் விடுதியிலேயே உலகம் வந்து தங்கியிருக்கிறது. நேபாளம், பூட்டான், ஆப்பிரிக்க நாடுகள் என்று பல இடத்து மாணவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு விடுதி காலியாகும்போது அவர்கள் தனியே இருப்பார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுங்கள், ஊரைச் சுற்றிக் காட்டுங்கள், அவர்கள் ஊர்க் கதையைக் கேளுங்கள். நற்செய்தியை முதல் நாளே எடுத்து நீட்ட வேண்டியதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும் இருக்கின்றன. சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால், உங்களுக்கும் அவர்கள் மொழி கொஞ்சம் வந்துவிடும்.

எங்கள் குழுவிலிருந்து ஒருவர் போனார். ஒன்றரை வருடத்தில் திரும்பிவிட்டார். இப்போது மற்றவர்களும் தயங்குகிறார்கள். என்ன செய்வது?

முதலில் அவரைச் சாட்சி சொல்லச் சொல்லி மேடையில் ஏற்றாதீர்கள். திரும்பி வருவதற்கு நூறு காரணம் இருக்கும்: மொழி பிடிபடாமல் போவது, மூத்த ஊழியரோடு ஒத்துப்போகாதது, மஞ்சள் காமாலை, தனிமை. இரண்டு நண்பர்கள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் டீ குடித்துவிட்டு வாருங்கள். வேலை தேட உதவுங்கள், அந்த இடைவெளி ஆண்டுகளை பயோடேட்டாவில் எப்படிக் காட்டுவது என்று சேர்ந்து யோசியுங்கள். அனுப்பியபோது ஜெபித்து வழியனுப்பிய சபைக்கு இதுவும் சேர்த்துத்தான் பொறுப்பு.

அவர் தயாரானதும், அடுத்து போக நினைப்பவரை அவரிடமே அனுப்புங்கள். எந்த மாதம் கஷ்டம், என்ன மருந்து எடுத்துப்போக வேண்டும், அலுவலகத்தில் கிளம்பும் முன் என்னென்ன கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் குழுவில் வேறு யாருக்கும் தெரியாது.